பத்தடி

உறுதியின் நாலாம் பக்கத்தில் இருந்தது அது.
புரோக்கர் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு
கிணற்றுத் தண்ணி தேன்மாதிரி என்றார்.
'தென்னெல்லை நெடுகப் பத்தடி அகலம்,
மேற்படி வயலுக்கு வண்டில் போக்குவரத்துக்கு,
எக்காலத்துக்குமாக.'
வண்டில் எங்கே கிடக்கு இனி என்று
ஒப்பம் வைத்தேன்.

திருப்பெருந்துறையில் எங்கள் ஒழுங்கைக்கு
மாநகரசபை லைற் எட்டு.
எட்டாவதுக்குப் பிறகு வேளாண்மை.
மூத்ததம்பியரின் மகன் வரம்பில் குந்தி
எங்கள் வைபையில் கிரிக்கெட் பார்ப்பான்.
யார் பாஸ்வேர்ட் கொடுத்தது என்று
வீட்டில் இன்னும் விசாரணை.

பக்கத்து மங்களேஸ்வரி ரீச்சரின் வளவிலும்
ஒருகாலம் இதே பாதை. இப்போது அதில் குளியலறை.
"மூடு பிள்ளை. கேஸ் போட்டால் பத்து வருசம்.
அதுக்குள்ள அவர் வயலையே வித்துப்போடுவார்."
நானும் முந்நூறு சீமெந்துக்கல் இறக்கினேன்.
மேசன் வரவில்லை. மாசி வந்துவிட்டது.

மூத்ததம்பியர் கேற்றைத் தட்டமாட்டார்,
ஹோனைச் சும்மா ஒருக்கா அமத்துவார்.
"நாளைக்கு மெசின்."
கல்லடுக்கைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.
பாதையில் கிடந்த பப்பாசி இலையைக் குனிந்தெடுத்து
ஓரத்தில் போட்டுவிட்டுப் போனார்.

நாளைக்கு என்றால் இரவு ஒன்றரை.
சம்மாந்துறையில் முடித்துக்கொண்டு லொறியில் வந்த மெசின்
ஒழுங்கைக்குள் நின்று உறும
நாய்கள் எல்லாம் ஒரே கட்சி.
உவைஸ் இறங்கிக் காலடியால் அளந்தான்.
"அக்கா, இது பன்னிரண்டடி."
"உறுதியில் பத்து."
"அது வண்டிலுக்கு எழுதினதுதானே."

மேற்கே மின்னியது.
மழை இறங்கினால் சாய்ந்த கதிர் நிலத்திலேயே முளைக்கும்.
யார் முதல் கல்லைத் தூக்கியது தெரியாது.
நைற்றியோடு நான், சாரத்தை மடித்துக்கட்டி இவர்,
மூட்டை கட்ட வந்த பூமணி, அவள் தங்கச்சி,
கடைசியில் ரீச்சரும்,
டோர்ச் மட்டும் பிடிப்பேன் என்ற நிபந்தனையோடு.
வாய்க்கால் ஓரம் ஒரே சேறு. மெசின் புதையும்.
கல்லை அதில் போடு என்றான் உவைஸ்.
போட்டோம்.
எழும்பாத என் மதில்
சேற்றில் நீட்டி நிமிர்ந்து படுத்தது.
சங்கிலிச் சில்லு அதன்மேல் ஏறி இறங்க
நொறுங்கும் சத்தம் எனக்கு ரூபாயில் கேட்டது.

விடிய வெட்டி முடிந்தது. மழை வரவேயில்லை.
சோற்றுப் பானை மூடியிலும் பதர்.
உடைந்தது நாற்பத்தொன்று, எண்ணிச் சொன்னேன்.
"நெல்லு வித்தாப்போல தாறன்."
நெல் என்ன விலைக்குப் போகிறதென்று
வங்கியில் விவசாயக் கடன் மேசையில் இருக்கும்
எனக்குத் தெரியும். தலையாட்டினேன்.

மத்தியானம் கொடிக்கயிறு கட்டப் போனேன்.
மண்ணில் சங்கிலித் தடம், பன்னிரண்டடி, தெளிவாக.
கொடிக்கம்பைப் பிடுங்கி
இரண்டடி உள்ளே தள்ளி நட்டேன்.
என்னத்துக்கு என்று கேட்டார் இவர்.
வெயில் இங்கேதான் நல்லா விழுது என்றேன்.