நீலப் பத்தி, மஞ்சள் பத்தி

துவார்னெனே. பேரங்காடியின் வண்டி நிறுத்தம்.
செவ்வாய் மாலை ஐந்தே முக்கால், தூறல்.
சத்தம் பெரிதில்லை,
மத்தி டப்பா ஒன்றை யாரோ
கட்டைவிரலால் அமுக்கியது போல.
நாள் முழுக்க அந்தச் சத்தத்துக்குள் வேலை செய்கிறவள் நான்.
என் காராக இல்லாதிருந்தால்
திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

ரொட்டிக்கடை வேனிலிருந்து இறங்கினார்
குல்வென் ப்ரிஜான். தோளெல்லாம் மாவு.
திட்டவில்லை. "எழுதிவிடலாமா?" என்றார்.

இங்கே எல்லா வண்டியிலும் இருக்கும் அந்தத் தாள்.
இடப்பக்கம் நீலப் பத்தி, வலப்பக்கம் மஞ்சள்.
மோதிக்கொண்டவர்கள் சேர்ந்து நிரப்ப வேண்டும்.
தலைப்பில் 'நட்புடன்' என்று வேறு அச்சடித்திருக்கிறார்கள்.
குற்றம் யாருடையது என்று அது கேட்பதில்லை.
கட்டங்களைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும்.
பதினான்காவது: பின்னோக்கி வந்துகொண்டிருந்தேன்.
நீலத்தில் நான் குறியிட்டேன்.
மஞ்சளில் அவர் எதற்கும் குறியிடவில்லை.

படத்துக்கென்று நடுவில் ஓர் இடம்.
அவர்தான் வரைந்தார், என் பானெட்டில் வைத்து,
இரண்டு செவ்வகம், ஒரு தள்ளுவண்டி வரிசை,
விளக்குக் கம்பத்தின் மேல் ஒரு கடற்காகம்.
"அது சாட்சி" என்றார்.
கையெழுத்து, கையெழுத்து.
அனுப்ப ஐந்து வேலைநாள்.

புதன்: பட்டறைக்காரன் குனிந்து பார்த்து
பம்பரும் விளக்கும் அறுநூற்றுப் பத்து யூரோ என்றான்.
அனுப்பினால் முதல் முந்நூற்றைம்பது என் கையிலிருந்து.
மிச்சத்தை அவர்கள் தருவார்கள்,
தந்ததை வருடாவருடம் சந்தாவில் பிடுங்கிக்கொள்வார்கள்.
விபத்தில்லாமல் பதின்மூன்று வருடம் ஓட்டினால்
பாதிக் கட்டணம்.
எனக்குப் பன்னிரண்டு.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
அனுப்பாவிட்டாலோ
அவர் வேன் கதவும் என் தலையில்.

வியாழன், வெள்ளி
அந்தத் தாள் குளிர்பெட்டிக் கதவில் தொங்கியது.
பால் எடுக்கப் போகும்போதெல்லாம் படித்தேன்.

லோயிக்கும் நானும் பிரிந்தபோது முப்பத்தொரு பக்கம்.
பக்கத்துக்குப் பக்கம் அவன் சுருக்கொப்பம், என் சுருக்கொப்பம்,
வேறு அறை, வேறு பேனா, வேறு வக்கீல்.
எங்கே மோதினோம் என்று வரைந்து காட்ட
யாரும் இடம் ஒதுக்கவில்லை.
அதற்குப் பின் இன்னொருவரோடு
நான் கையெழுத்திட்ட முதல் காகிதம் இது.
மூன்று நாள் அதை உறையில் போடாததற்கு
பணம் மட்டும்தான் காரணம் என்று
சத்தியம் செய்ய மாட்டேன்.

திங்கள் இரவு ஃபோன்.
"அனுப்பிவிட்டீர்களா?"
"இல்லை."
மூச்சு விடுவது கேட்டது.
"நானும் பின்னால்தான் வந்துகொண்டிருந்தேன்.
பதினான்கில் நானும் குறியிட்டிருக்க வேண்டும்.
வேன் முதலாளியுடையது, பயந்துவிட்டேன்."
"தெரியும்" என்றேன். "உங்கள் வெள்ளை விளக்கு
தேங்கிய தண்ணீரில் எரிந்தது."
"அப்போதே ஏன் சொல்லவில்லை?"
"நீங்கள் பறவை வரைந்துகொண்டிருந்தீர்கள்."

கையெழுத்தான தாளில் குறி சேர்க்க முடியாது.
அவரவர் நசுங்கல் அவரவருக்கு என்று முடிவானது.
முதலாளியிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார்.
சொன்னாரா, தெரியாது.

செவ்வாய் நான்கு மணிக்கு
மஞ்சள் தபால்பெட்டியைத் திறந்து
மூட்டை கட்டிக்கொண்டு போனாள் ஒருத்தி.
உறையோடு எதிரே நின்றிருந்தேன்.
"இருக்கா?" என்றாள்.
"இல்லை" என்றேன்.

உடைந்த விளக்குக்குச் சிவப்பு ஒட்டுநாடா,
நான்கு யூரோ இருபது.
மழையில் ஓரம் உரிகிறது, திரும்ப அழுத்துகிறேன்.
போலீஸ் நிறுத்தினால் அதற்குத் தனிக் கணக்கு.

பிப்ரவரியில் புதுச் சந்தாக் கடிதம் வந்தது.
பாதிக் கட்டணம்.
அதன் கீழே, விபத்துகள்: இல்லை.
அந்த 'இல்லை' மேல்
மாவுப் பொடி எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று
விரலால் தடவிப் பார்த்தேன்.