கேரியர்

தமீமுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.
ஃப்ளெக்ஸில் இதை யாரும் போடவில்லை.
நண்பன் தமீம் நினைவு மிதிவண்டிப் பயணம்
திருவையாறு முதல் பூம்புகார் வரை
கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் என்று அடித்து
அவன் தங்கச்சி நிக்காஹ் படத்திலிருந்து
முகத்தை மட்டும் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.
இடது ஓரத்தில் கொஞ்சம் சட்டை தெரிகிறது.
அது என் தோள்.

பதினேழு பேர். ஆறு பேரிடம் கியர் வண்டி.
கேரியரைக் கழற்றிவிடு, கனம் குறையும் என்றான் லூர்து.
காது கேளாதவன்போல டயரை அமுக்கிப் பார்த்தேன்.

எதிரே கொண்டல்.
கணபதி அக்ரஹாரம் வரை யாரும் பேசவில்லை.
சுவாமிமலைப் பாலத்து ஏற்றத்தில்
எழுந்து நின்று மிதித்தேன்.
தேவையே இல்லை,
வண்டி காகிதம்போலப் போகிறது.
பதினோரு வருஷப் பழக்கம்.
மேடு வந்தால் இறங்க மாட்டான்.
"நீ மிதி, நான் துஆ செய்யறேன்" என்பான்.

வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரி.
நாலு மணி நேரம் அவன் ரத்தம்
வெளியே போய்க் குளித்துவிட்டுத் திரும்பும்.
ஒருநாள் இடது முழங்கையை
என் காதோடு வைத்து அழுத்தினான்,
ஊசிக்காக நரம்போடு நரம்பைத் தைத்த இடம்.
"கேளு. பம்ப்செட்டு."
ஓடிக்கொண்டுதான் இருந்தது.
அஞ்சு ஹெச்பி இருக்கும் என்றேன்.
"ஃப்ரீ கரண்ட்டுடா.
எப்ப நிறுத்துவான்னுதான் தெரியல."

ஆடுதுறை தாண்டி
வயலுக்குள் ஒரு மோட்டார் இரைந்தது.
அந்த இடத்தை மட்டும் வேகமாகக் கடந்தேன்.

குத்தாலத்தில் டீக்கடைக்காரர் கேட்டார்,
எவ்வளவு சேர்ந்திருக்கு?
ஒரு மெஷினில் கால்வாசிகூட வராது என்றோம்.
காசு வாங்கவில்லை.
பதினேழு டீ என்று
லூர்து அதையும் நோட்டில் ஏற்றினான்.

வெண்ணாற்றுக்கும் அரசலாற்றுக்கும்
பேர் தெரியாத வாய்க்கால்களுக்கும் பிரித்ததுபோக
மிச்சமிருந்த காவிரி
முழங்கால் அளவில் கடலுக்கு வந்திருந்தது.
எல்லோரும் போட்டோவுக்கு நின்றார்கள்.
ஸ்டாண்டு போட்டால் மணலில் புதைகிறது;
வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆளுக்குத் தொண்ணூற்று நாலு கிலோமீட்டர்
என்று எழுதிக்கொண்டு வந்தான் லூர்து.
எனக்கு ரெண்டு ஆளாகப் போடு என்றேன்.
கேரியரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"அவன் பங்கை யார் குடுக்கறது?"

"அவன் எப்பக் குடுத்தான்"
என்றேன்,
பர்ஸைத் தேடிக்கொண்டே.