கழுத்தில் மாவு

லியெபாயா ரொட்டிச்சாலை. வெளியே பனி. மணி மூன்று.
ஜிந்த்ராவின் இதயம்
ஒரு படியைத் தவறவிட்டு இறங்குகிறது.

ஈசிஜி மூன்று முறை எடுத்தாயிற்று.
ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.
அந்த ஒன்றுமில்லையைத்தான்
இரவெல்லாம் தடவித் தேடுகிறாள்,
காதுக்குக் கீழே, இரண்டு விரலால்.

மாவு பிசைந்த விரல்.
தொட்ட இடமெல்லாம் தடம்.

அடுப்பருகே நிற்கும் ஆர்விட்ஸ்
எதுவும் கேட்பதில்லை.
விடியும்போது ஈரத்துண்டை நீட்டி
"இன்றைக்கு ஒன்பது" என்பான்.
நேற்று பதினான்கு.

ஒருநாள் சிரித்துவிட்டாள்.
சிரிக்கும்போதும் அது தவறியது.
தவறியதும் வந்துவிட்டது அடுத்தது,
தாமதமாக வந்த டிராம்போல,
மன்னிப்புக் கேட்காமல்.

தட்டில் உப்பிய மாவை அழுத்திப் பார்க்கிறாள்.
குழி மெல்ல மேலெழுகிறது.
இன்னும் கொஞ்ச நேரம்
அங்கேயே இருக்கட்டும் விரல்கள்.