ஒப்பீட்டுக்கு ஓர் ஆள்

தோஹாவில் மலை இல்லை.
மேம்பாலத்தில் ஏறினால் அதுதான் உயரம்.
ஆகையால் இரண்டாம் தளத்தின் ஏழு அறைகளுக்கு
ஒரு மலையைக் குழாயில் அனுப்புகிறோம்.

பாறை கிடையாது, குளிர் கிடையாது.
ஆக்சிஜன் இருபத்தொன்றிலிருந்து
பதினாலரைக்கு இறங்கும், அவ்வளவுதான் மலை.
திரையில் 3000 மீ என்று பச்சை எழுத்து.
ஜன்னலுக்கு வெளியே
ஈச்ச மரங்களுக்கு டேங்கர் தண்ணீர் விடுகிறது
கடல்மட்டத்தில்.

இரவு ஒன்பது முதல் காலை ஒன்பது வரை
அந்தக் காற்றுக்குள்ளேயே ஒருவன் இருக்கவேண்டும்,
அலாரம் அடித்தால் கதவைத் திறக்க.
ரோமெலுக்குத் தலைவலி வந்தது.
எனக்கு வரவில்லை.
வேலை எனக்கு.

நான்காம் அறையில் ஹிருத்,
ஐயாயிரம் மீட்டர் ஓடுகிறவள்.
பிறந்த ஊரே இந்த உயரம்தானாம்.
"அங்கே இதற்குக் கரண்டு பில் கிடையாது" என்றாள்
முதல் இரவு விரலில் கிளிப் மாட்டும்போது.
எண்பத்தெட்டு. தூங்கலாம்.

டாக்டர் மொன்சிஃப் துனீசியாக்காரர்,
விளக்கிச் சொல்லாவிட்டால் அவருக்குக் காபி இறங்காது.
மூச்சு குறைந்தால் சிறுநீரகம் பதறும்;
ஆள் போதவில்லை, அனுப்பு என்று
எலும்பு மஜ்ஜைக்குச் சொல்லி அனுப்பும்.
புதுச் சிவப்பணுக்கள் வந்து இறங்கும்
நூற்றிருபது நாள் விசாவில்.
இரும்பு இல்லாமல் வந்தால் வேலைக்கு ஆகாது.
காற்று மலிந்துவிட்டால்
கடைசியாக வந்தவனைத்தான் முதலில் திருப்பி அனுப்பும்.
சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.
நான் ஃபில்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பகலில் அவள் கீழே இறங்கி
குளிரூட்டிய உள்ளரங்கில் ஓடினாள்.
உயரத்தில் உறங்கு, தாழ்வில் ஓடு:
சுவரில் மூன்று மொழிகளில் ஒட்டியிருந்தது.
தமிழில் இல்லை.

இரண்டாம் வாரம் அவளுக்குக் காய்ச்சல்.
இரும்புக் கணக்கு பதினொன்றில் நின்றது.
மாத்திரை கறுப்பாக இருந்தது, வயிற்றைக் கலக்கியது.
நள்ளிரவில் கதவைத் தட்டி
மணி கேட்டாள். சொன்னேன்.
பிறகு ஏனோ
தன் ஓட்டத்தின் மணியைச் சொன்னாள்,
பதினைந்து நிமிடம் நாலு விநாடி,
கடன் தொகையைச் சொல்வதுபோல.

இருபத்து நான்காம் நாள் சோதனை.
ரத்தம் எவ்வளவு என்று அளக்க
ஒரு மடக்கு விஷவாயுவை மூச்சில் கலந்து
இரண்டு நிமிடம் உள்ளேயே சுற்றவிடுவார்கள்.
கருவி சரியா என்று பார்க்க
ஒப்பீட்டுக்கு ஓர் ஆள் வேண்டும்.
முதல் நாளும் நான்தான்,
கடைசி நாளும் நான்தான்.

ஹிருத்: மாற்றம் இல்லை.
நான்: நூற்றுக்கு மூன்றரை கூடுதல்.

டாக்டர் இரண்டு தாள்களையும்
மாற்றி மாற்றிப் பார்த்தார்.
ஒப்பீட்டு ஆளை மலையிலேயே படுக்கவைத்தது யார்
என்று அரபியில் யாரிடமோ கேட்டார்.
யாரும் பதில் சொல்லவில்லை.
ஹிருத் சிரித்தாள், இருமல் வரும்வரை.
"உனக்கு எப்போது பந்தயம்?"

அன்று சனையாவில் லிஃப்ட் ஓடவில்லை,
என்றைக்கும்போல.
இருபது லிட்டர் கேனைத் தோளில் வைத்து
நாலு மாடி ஏறினேன்.
நாலாவதில் போய்த்தான் கவனித்தேன்,
எங்கும் நிற்கவில்லை.
"என்னடா, ரத்தம் ஊறிடுச்சா?" என்றான் பிச்சைக்கனி,
வெங்காயம் நறுக்கியபடி.
ஆமாம் என்றேன்.
அவனுடைய கேனையும் போய் எடுத்து வந்தேன்.
அந்த வாரம் முழுக்க
எங்கள் தளத்துக்கே நான்தான் தண்ணீர்.

அவள் பெயர் அணியில் வரவில்லை.
பெட்டியின் ஒரு சக்கரம் உடைந்திருந்ததால்
காரிடாரில் ஒரு பக்கமாய் இழுத்துப் போனாள்.
நான்காம் அறைக்கு ஒரு நீச்சல்காரன் வந்தான்.
என்னை வெளிப்பக்கம் மாற்றினார்கள்,
கண்ணாடிக்கு இந்தப்புறம், இருபத்தொன்றில்.

ஐந்தாவது வாரம்
மூன்றாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கியது.
கேனை இறக்கிவைத்தேன்.
நின்று, வாங்கிக்கொண்டேன்.