குக்கர் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தவருக்கு

அண்ணாச்சி,
வண்ணார்பேட்டை சூப்பர் மார்க்கெட், இரண்டாம் மாடி,
மூன்று லிட்டர் குக்கர் பெட்டிகளுக்குப் பின்னால்
நீங்கள் ஒளித்து வைத்த லாரியை
நான் பார்த்துவிட்டேன்.

அண்ணாச்சியோ தங்கச்சியோ, தெரியாது.
கைப்பழக்கம் மட்டும் தெரிந்தது:
அட்டை மடங்காமல், விலைச்சீட்டு உள்பக்கமாக,
மேலே ஒரு கேஸ்கட் கவரைப் போர்த்தி.
சம்பளம் வராதவர் வைக்கிற விதம்.
நானும் அதே இடம் தேடித்தான் வந்தேன்,
ஒரு நீல ஜீப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு.

கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன்.
பேர் ஐகோர்ட்துரை. சிரிக்க வேண்டாம்,
வக்கீல்கள் தினமும் சிரிக்கிறார்கள்.
வில்லங்கச் சான்று, ஜாமீன் பத்திரம், பக்கத்துக்கு ரெண்டு ரூபாய்.
உள்ளங்கைக் கார் ஒன்று நூற்று எழுபத்தொன்பது.
எண்பத்தொன்பதரைப் பக்கம் என்று கணக்குப் போடுவேன்,
பக்கமெல்லாம் முதலாளிக்கு என்பதை மறந்து.

டீ குடிக்காத நாளுக்குப் பத்து ரூபாய்.
பஸ்ஸை விட்டுச் சமாதானபுரம் வரை நடந்தால் ஏழு.
ஒரு மழை வந்தால் எல்லாம் ஆட்டோக்காரருக்கு.
வீட்டுக் கணக்கு நோட்டில் சொர்ணக்கிளி
'இதரம்' என்ற வரியை மட்டும் பென்சிலால் எழுதுகிறாள்.
ஏன் என்று நான் கேட்டதில்லை.
ஏன் அடிக்கடி அழிகிறது என்று அவளும் கேட்டதில்லை.

பதினேழு வண்டி சேர்ந்திருக்கிறது.
நாலு, டவுன் காயலாங்கடையில் எடைக்கு வாங்கியது.
ஒன்றுக்கு அச்சு இல்லை. தீர்ந்த ரீஃபில் கொடுத்து நிமிர்த்தி
அவளுடைய நகப்பூச்சில் சிவப்பாக்கினேன்.
ஓட்டிப்போகும் சைக்கிள் மட்டும் மச்சினனுடையது.

சரி, லாரிக்கு வருகிறேன்.
மூக்கு நீண்டது. பழுத்த கொல்லாம்பழ மஞ்சள்.
அட்டைக்குப் பின்னால் அந்தச் சின்ன வட்டம்.
வட்டம் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லவேண்டாம்.
மெட்ராஸில் கண்ணை மூடிக்கொண்டு ரெண்டாயிரம் தருவான்.
என் பையில் இருநூறு இருந்தது,
மறுநாள் பாலுக்கும் கேன் தண்ணிக்கும் வைத்தது.

பொய் சொல்லமாட்டேன்.
எடுத்தேன். பில் போடுகிற இடம் வரை போனேன்.
முன்னால் ஒரு அம்மா, புளி எடை குறைகிறதென்று
தெபோராளிடம் சண்டை.
அந்தப் புளி வழக்கு சீக்கிரம் முடிந்திருந்தால்
லாரி அன்றைக்கே என்னோடு வந்திருக்கும்.
முடியவில்லை. எனக்கு உள்ளங்கை வேர்த்தது.
திரும்பிப் போய் வைத்தேன், கேஸ்கட் கவரையும் போர்த்தினேன்.
மூன்று லிட்டர்தான் மளமளவென்று விற்கும் என்று
ஐந்து லிட்டர் பெட்டி இரண்டை இழுத்து முன்னால் மறைத்தேன்.
ஜீப்பை இட்லிச் சட்டிக்குள் வைத்தேன்.
பத்தாம் தேதி பார்த்தால் ஜீப் இல்லை.
லாரி இருந்தது.

ஆனித் தேரோட்டத்துக்கு மறுநாளும் இருந்தது.
ஆடித் தள்ளுபடிக் கூட்டத்திலும் இருந்தது.
தூசி படிந்திருந்தது. துடைக்கவில்லை,
வேறு கை பட்டது உங்களுக்குத் தெரியக்கூடாதென்று.
என்ன ஆச்சு வே உமக்கு?
வேலை போச்சா, பிள்ளைக்கு ஃபீஸா, திருப்பூருக்குப் போய்விட்டீரா?
இல்லை, சும்மா மறந்துவிட்டீரா?
மறந்திருந்தால் மட்டும் எனக்குக் கோபம் வரும்.

நேற்று தெபோராள் புது விலை ஒட்டிக்கொண்டே வந்தாள்.
இன்னும் நாலு பெட்டி தள்ளினால் லாரி.
வாங்கிவிட்டேன். நூற்றுத் தொண்ணூற்றொன்பது.

அட்டையைப் பிரிக்கவில்லை.
என் பதினேழோடு சேர்க்கவுமில்லை, அரிசி டின் மேல் நிற்கிறது.
"யாருக்கு?" என்றாள் சொர்ணக்கிளி.
தெரியாது என்றேன்.
'இதரம்' வரியில் முதல் தடவையாகப் பேனாவால் எழுதினாள்.

இந்தக் கடிதத்தை ஒரு நகல் எடுத்து
(ரெண்டு ரூபாய், கல்லாவில் போட்டாச்சு)
மூன்று லிட்டருக்குப் பின்னால் செருகியிருக்கிறேன்.
ராத்திரி எட்டு வரை கடை திறந்திருக்கும்.
வட்டம் எந்த மூலையில் என்று மட்டும் கேட்பேன்.
பழைய விலையைத் தந்தால் போதும்.
மிச்சம் இருபது ரூபாய் என் கணக்கு.

தூக்கம் வராமல் இப்போதுதான் தோன்றியது:
நீங்கள் வந்திருக்கலாம்.
கை விட்டுத் தேடியிருக்கலாம்.
நான் நகர்த்திய ஐந்து லிட்டர் பெட்டிகள்
வழியில் நின்றிருக்கும்.