விலக்கப்பட்டது ஒன்று

முதல் வரியை முதலில் எழுதாதீர்கள்.
செய்முறையிலிருந்து தொடங்குங்கள்,
கை செய்தது கைக்கு நினைவிருக்கும்.

நான் அப்படித்தான் தொடங்கினேன்
தோர்ஷாவ்ன் நகரில், வெப்பக்குழாய்
இருமிக்கொண்டிருந்த ஒரு நவம்பரில்:
"நாற்பத்து மூன்று வளைகளில்
பஃபின் குஞ்சுகள்
மூன்று நாளுக்கொருமுறை எடைபோடப்பட்டன."

எடைபோடப்பட்டன.
யார் போட்டது என்று சொல்லாத வினை.
மழை பக்கவாட்டில் அடித்த சரிவில்
குப்புறப் படுத்து
தோள்வரை மண்ணுக்குள் கைவிட்டவள் நான்.
சுருக்குப்பையில் குஞ்சைத் தொங்கவிட்டு
வில்தராசைப் படித்தவன் ஹோக்னி, படகுக்காரன்.
குஞ்சின் அலகு கிழித்த ரத்தம்
களக்குறிப்பேட்டின் பதினேழாம் பக்கத்தில்
இன்னும் பழுப்பாக இருக்கிறது.
அதை அளக்க அலகில்லை.
ஆகவே கட்டுரைக்குள் வராது.

அடுத்து, முடிவுகள்.
முடிந்தது என்று பொருளல்ல,
கிடைத்தது என்று பொருள்.
அந்தக் கோடையில் கடலில் மணல்விலாங்கு இல்லை.
இரைதேடிப் போனவை
வெறும் அலகோடு திரும்பின.
வரைபடத்தில் நாற்பத்திரண்டு கோடுகள்
படியிறங்கிப் போயின.
ஒன்று மட்டும் ஏறியது.
இருபத்தாறாம் வளை.

ஒரு வாரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பெற்றவை கெட்டிக்காரப் பறவைகளோ?
வாசல் தெற்குப் பார்த்ததாலோ?
விவாதப் பகுதிக்கு மூன்று பத்தி எழுதினேன்
நான்கு மேற்கோளோடு.
என் வாழ்நாளில் நான் எழுதிய
மிக அழகான மூன்று பத்தி.

பிறகுதான் ஹோக்னியை அழைத்தேன்.
எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தான்.
இருபத்தாறா, என்றான்.
ஏதோ இரும்பு தரையில் விழும் சத்தம்.
"தூண்டிலுக்கு வைத்திருந்த மீன்.
ராத்திரி நீ கூடாரத்தில் குறிப்பெழுதும்போது
ஒரு கைப்பிடி.
அது என்னைப் பார்த்தது, ரன்வா."

திட்டினேன்.
முப்பத்தெட்டு நாள் என்றேன், இரண்டு வருட நிதி என்றேன்.
மற்ற நாற்பத்திரண்டும்
உன்னைப் பார்க்கவில்லையா என்றேன்.

"எல்லாவற்றுக்கும் என்னிடம் மீன் இல்லை."

மூன்று பத்தியையும் அழித்தேன்.
அழித்த இடத்தில் ஒரே வரி:
"ஒரு குஞ்சு ஆய்விலிருந்து விலக்கப்பட்டது."

மார்ச்சில் மதிப்பீடு வந்தது.
முதலாமவர் காற்புள்ளிகளைத் திருத்தியிருந்தார்.
இரண்டாமவர், அவர் எப்போதும் இரண்டாமவர்தான்,
நூற்றுப் பதினான்காம் வரியில் கேட்டிருந்தார்:
விலக்கப்பட்டது என்றால், ஏன்?
யாரால்?
பெயரில்லாத அந்த மனிதரை
இரண்டு நாள் வெறுத்தேன்.
மூன்றாம் நாள்
கேள்வி நியாயமாகத்தான் இருந்தது.

திருத்தினேன்:
"இருபத்தாறாம் வளையிலிருந்த குஞ்சுக்குக்
களப்பணியாளர் ஒருவர் உணவளித்தார்.
எனவே அது கணக்கில் சேர்க்கப்படவில்லை."

உணவளித்தார்.
பத்தொன்பது பக்கத்தில்
ஒரு மனிதன் எழுவாயாக நிற்கும்
ஒரே வாக்கியம்.
மற்றவற்றில் எல்லாம் அளக்கப்பட்டன, நிறுக்கப்பட்டன,
ஒப்பிடப்பட்டன, இறந்தன.

நன்றியுரையில் ஹோக்னியின் பெயர் உண்டு.
படகுக்கு, தராசுக்கு.
மீனுக்கு என்று சேர்த்துப் பார்த்தேன்,
இதழின் ஆசிரியர் எடுத்துவிட்டார்.
தலைப்பைக் கடைசியில்தான் வைத்தேன்,
நீங்களும் அப்படியே செய்யுங்கள்.
சுருக்கத்தில் எதையும் உறுதியாகச் சொல்லாதீர்கள்.
"இருக்கலாம்" என்ற சொல்லுக்கு
யாரும் பணம் கேட்பதில்லை.

கடைசி அட்டவணை, எத்தனை பறந்தன என்பது.
நாற்பத்திரண்டில் ஐந்து.
இருபத்தாறுக்கு நேராக ஒரு சிறுகோடு மட்டும் உண்டு.
சிறுகோடு என்றால்
தரவு இல்லை என்று அடிக்குறிப்பு சொல்லும்.

ஆகஸ்ட் கடைசியில், விடியுமுன்,
அந்த வளைக்குள் கைவிட்டுப் பார்த்தேன்.
கடிக்க எதுவும் இல்லை.
கொஞ்சம் பஞ்சுத்தூவி,
ஒரு மீன்தலை,
கடல் பக்கமாகத் திரும்பிய
ஈரமான கால்தடம்.