லிஃப்ட் கதவில் ஒரு பள்ளம்

கரகாண்டாவில் பிப்ரவரி.
கரித்தூள் படிந்த பனி.
எட்டுக் கிலோ உருளைக்கிழங்கோடு
கீழ்த்தளத்தில் நின்றேன், லிஃப்ட் வரவில்லை.
அன்று வராதது அது ஒன்றுதான் என்று
சொல்ல மாட்டேன்.
பையை இறக்கி வைத்துவிட்டுக்
கதவை ஒரு குத்து குத்தினேன்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தபடி
மருத்துவமனைப் பையன் சிரித்தான்.
சுண்டுவிரலின் கீழ் எலும்பு.
"இதற்குப் பெயரே குத்துச்சண்டைக்காரர் முறிவு.
ஆனால் இதோடு வருகிறவர்கள் எல்லாம்
கணவர்கள், குடிகாரர்கள், பரீட்சையில் தோற்றவர்கள்.
ஒரு குத்துச்சண்டைக்காரரைக்கூட
நான் இதுவரை பார்த்ததில்லை."

மாவுக்கட்டு பிரித்து ஒரு மாதம் கழித்து
டயர் கடைக்கு அடியில் இருந்த
நிலவறைக்குள் இறங்கினேன்.
வெந்நீர்க் குழாய்களின் மேல்
கைக்கட்டுத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன,
யாரோ பெரிய குடும்பம் குடியிருப்பதுபோல.
ழனாருக்கு இருபத்திரண்டு வயது.
எனக்கு நாற்பத்தேழு,
ரொட்டி ஆலையில் கணக்கு எழுதுகிறேன்.
"யாரை அடிக்கணும்?" என்றாள்.
"லிஃப்டை."
அவள் சிரிக்கவில்லை.
"முதலில் கையைத் திற."

கட்டைவிரலை உள்ளே வைத்துப்
புதையல்போல் பொத்தியிருந்தேன்.
அதை வெளியே எடுத்து
மற்ற விரல்களுக்குக் குறுக்கே
தாழ்ப்பாளாகப் போட்டாள்.
முதல் இரண்டு விரல்கணுக்கள் மட்டும் தொட வேண்டும்.
சுண்டுவிரல் கூட வருகிற விருந்தாளி,
அதன் தலையில் மூட்டை ஏற்றாதே.

பிறகு மூன்று வாரம் கையே வேண்டாம் என்றாள்.
கால்.
பின்காலின் முன்பாதம் சுழல வேண்டும்,
தரையில் கிடக்கிற சிகரெட்டை அணைக்கிற மாதிரி.
பதினோரு வருடம் முன்பு விட்ட சிகரெட்டை
மாலைக்கு நூறு முறை அணைத்தேன்.
பேருந்து நிறுத்தத்தில் அணைத்தேன்.
சம்பள வரிசையில் அணைத்தேன்.
குதிகால் திரும்பினால் இடுப்பு திரும்பும்,
இடுப்பு சொல்லித்தான் தோளுக்குத் தெரியும்,
கை கடைசியில்,
அனுப்பியது யார் என்று அறியாமல்
கடிதத்தோடு ஓடும்.

"ஓங்காதே" என்பாள்.
எல்லாரும் கை ஓங்கி அடித்துத்தான்
நான் பார்த்திருக்கிறேன்,
அப்பா, இசை ஆசிரியை, ஒரு காலத்தில் அவர்.
ஓங்கிய கை
வருகிறேன் வருகிறேன் என்று
ஊரைக் கூட்டுகிற கை.
முகவாய்ப் பக்கத்தில் இருந்தபடியே
கிளம்ப வேண்டும்.
வழியெல்லாம் தளர்வு.
தொடுகிற நொடியில் மட்டும் கல்.
மறுநொடி மறுபடி சதை.

எனக்கு வராதது திரும்புவதுதான்.
போன கை அங்கேயே நின்று
தான் செய்ததைப் பார்த்துக்கொண்டிருக்கும்.
அதற்குள் ழனாரின் இடக்கையுறை
என் காதோரம் வந்து செல்லமாய்த் தட்டும்.
"கொடுப்பது பாதி, வாங்குவது பாதி."
பாக்கி வசூலில் இருபது வருடம் இருந்தவளுக்கு
இதைச் சொல்லித்தர
ஒரு டயர் கடைப் பெண்.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை.
அதுவரை தொப்பென்று விழுந்த குத்து
டக்கென்றது.
பை ஆடவில்லை, நடுங்கியது.
தோளுக்கு ஒரு வேலையும் இல்லாததுபோல் இருந்தது,
ஏமாற்றமாகக்கூட.
கயிறு தாண்டிக்கொண்டிருந்த பையன்
எண்ணுவதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.
மறுபடி முயன்றேன்.
தொப். தொப்.
அன்றைக்கு அவ்வளவுதான்.

மே விடுமுறையில் ழனார் தேநீருக்கு வந்தாள்.
லிஃப்ட் வரவில்லை.
கதவில் என் பள்ளம் அப்படியே இருந்தது,
மூன்றாம் மாடிக் குழந்தைகள்
அதில் சூயிங்கம் ஒட்டியிருந்தார்கள்.
டயரில் ஆணி தேடுகிறவள்போல்
விரலால் தடவிப் பார்த்தாள்.
"முழங்கை வெளியே போயிருக்கு.
மணிக்கட்டு மடங்கியிருக்கு.
குதிகால் தூங்கியிருக்கு."
கொஞ்சம் யோசித்தாள்.
"கோபம் மட்டும் சரியாத்தான் இருந்திருக்கு, ரவ்ஷான்."

ஏழு மாடி.
நடந்தே ஏறினோம்,
ஒவ்வொரு திருப்பத்திலும்
பின்காலால்
ஒரு சிகரெட்டை அணைத்தபடி.